நீதிபதிக்கு அருகில் ஓரிடம்

எங்கள் வீட்டில் அப்போது எல்லோரும் நம்பியது இதுதான்: சித்தப்பா அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் பெரிய மனிதர்களோடு பழகுகிறார், அவர்களுள் ஒருவர் நீதிபதி, அந்த நீதிபதி நான்கு வரி எழுதிக் கொடுத்தால், சித்தப்பா எல்லைப் பாலத்தைத் தடங்கலின்றிக் கடந்து ரொறன்ரோவுக்கு, எங்களிடம், வந்துவிடுவார். அப்பா நம்பினார். அம்மா நம்பினார். சித்தி அந்த நம்பிக்கையிலேயே எழுந்து, சமைத்து, உறங்கினார். நான் நவம்பர் மாதம் வரை நம்பினேன். அதன் பிறகு நம்பாமல் இருந்தேன். ஆனால் வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இதை நான் என் வயதுக்காரருக்காக எழுதுகிறேன். பத்துப் பதினொரு வயதில் பெற்றோருக்காக வங்கியிலும் மருத்துவரிடமும் வழக்கறிஞரின் அறையிலும் பேசியவர்கள் நீங்கள். பெரியவர்களின் கவலைகளை அவர்களுக்கு முன்பே ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, பிறகு தமிழில் சொன்னவர்கள். உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடியில் இரண்டு அறை வீடு. அப்பா, அம்மா, நான் ஓர் அறையில். சித்தியும் அவருடைய ஆறு வயது மகளும் மற்றதில். அவளை நான் தங்கச்சி என்பேன், இன்றும் அப்படித்தான். வரவேற்பறையில் யாரோ வீதியோரத்தில் கைவிட்ட மண்ணிறச் சோபா ஒன்று இருந்தது. அதன் ஒரு மூலையில் உட்கார்ந்தால் கம்பி குத்தும். அந்த மூலையை நாங்கள் விருந்தாளிகளுக்குக் கொடுத்தோம்.

சித்தியும் தங்கச்சியும் எங்களோடு ஒன்றாக வந்தவர்கள். சித்தப்பா ஒரு வருடம் பிந்தி, அமெரிக்கா வழியாக வந்தார். அழைத்துவந்த முகவர் அவரை எல்லைக்கு இரண்டு மணிநேரத் தொலைவில் ஒரு சிற்றூரில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அந்த ஊர்த் தேவாலயத்தினர் அகதிகளாக வந்த எங்களவருக்கென்று ஒரு பழைய வீட்டைத் திறந்து வைத்திருந்தனர். நேராகப் பாலத்துக்குப் போய், தஞ்சம் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தால் அந்தக் கோடையிலேயே உள்ளே வந்திருப்பார். பலர் அப்படித்தான் வந்தார்கள். அப்பாதான் வேண்டாம் என்றார். எங்கள் தஞ்ச வழக்கு முடியுமுன் அவரும் வந்து நின்றால் இரண்டும் சிக்கலாகும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அப்பா ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞர். அரசாங்கக் கோப்பு எப்படி நகரும், எங்கே நிற்கும் என்பது தமக்குத் தெரியும் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. அங்கே இடமாற்றமோ பள்ளிக்கூட அனுமதியோ, எதுவானாலும் ஒரு பெரிய மனிதரின் கடிதத்தோடு போனால் கோப்பு நகர்ந்தது. இங்கும் அப்படியே என்று எண்ணினார்.

ஓகஸ்ட் முடிவில் கடிதங்கள் வரத் தொடங்கின. மஞ்சள் கோடிட்ட தாள். சித்தப்பாவின் சாய்வான, நெருக்கமான எழுத்து. வாரம் ஒன்று. முதல் பக்கம் அப்பாவுக்கும் சித்திக்கும். இரண்டாம் பக்கம் ‘அன்பின் மகளுக்கும் பெறாமகளுக்கும்’ என்று எங்கள் இருவருக்கும். அப்பா மாலையில் சோபாவில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். வாசித்து முடிந்ததும் தங்கச்சி தாளை வாங்கி மூக்கில் வைத்துக்கொள்வாள்.

“அப்பான்ரை கடிதம் பெற்றோல் மணக்குது” என்பாள்.

“கார்காரரோடை திரியிற மனிசன், பெற்றோல் மணக்காமல் பிட்டோ மணக்கும்?” என்று சித்தி சிரிப்பார்.

பெற்றோலோடு இன்னொரு மணமும் இருந்தது. வெட்டிய புல்லின் மணம் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒன்பதாம் மாடியில் வாழ்ந்த எங்களுக்கு அன்று அது பிடிபடவில்லை.

கடிதங்களில் வந்தவர்கள் ஐந்தாறு பேர். நீதிபதி எல்லாரிலும் முக்கியமானவர். ‘இன்று காலை நீதிபதியோடு இருந்தேன். வழக்கம்போல அவர் பேசவில்லை. ஆனால் அவருக்குப் பக்கத்தில் நின்றால் மனம் சற்று நேராகிறது’ என்று எழுதுவார். அடுத்தவர், சர்க்கஸில் குதிரையின் முதுகில் நின்றபடி தேநீர் அருந்திக் காட்டிய பெண்மணி. ‘மலைச்சரிவில் இருக்கிறார், அவரிடம் போக இருபத்திரண்டு படி ஏறவேண்டும்.’ ஏரிக் கப்பலின் தலைவர் ஒருவர். செர்ரிப் பழத்தின் விதை நீக்கும் கருவியைக் கண்டுபிடித்த ஒருவர். ‘செல்வந்தர், இடமும் பெரிது, ஆனால் பார்க்க வருவார் இல்லை.’ பாசிகளைப் பற்றி ஆயுள் முழுதும் ஆராய்ந்த ஒரு அம்மையார். ‘அவர்மேலேயே பாசி வளர்கிறது, நான் துடைத்துவிட மனமின்றி விட்டுவிடுகிறேன்’ என்று ஒருமுறை எழுதினார். அதை அப்பா வாசித்தபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சித்தப்பா எப்போதும் பகிடிக்காரர் என்றார் அம்மா.

இன்று அந்த வரிகளை எழுதிப் பார்க்கும்போது, ஐந்து பேர் கேட்டிருந்தும் ஒருவருக்கும் எப்படிப் புரியாமல் போனது என்று திகைக்கிறேன். நாங்கள் மூடர்கள் அல்ல. அந்தக் கடிதங்களில் எங்களுக்குத் தேவையானதை மட்டும் கேட்டோம்.

எங்கள் மாடிக்குச் சில தளங்கள் கீழே ஓர் அங்கிள் இருந்தார். எங்களுக்கு மூன்று வருடம் முந்தி வந்தவர், ராக்ஸிக் கார் ஓட்டினார், எல்லாச் செய்தியும் அவரிடம்தான் முதலில் வந்துசேரும். ஒக்டோபரில் ஒருநாள் வந்து, கம்பி குத்தும் மூலையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

“அண்ணை, உந்த ஜட்ஜ் கதையை விடுங்கோ. தம்பியை உடனை பாலத்துக்கு வரச்சொல்லுங்கோ. சட்டம் மாறப்போகுதெண்டு எல்லாரும் கதைக்கினம். மாறினாப் பிறகு வாறவையைத் திருப்பி அனுப்பி, உங்கை நிண்டு காத்திரு எண்டு சொல்லுவாங்களாம்.”

“ஐசே, உமக்கு ராக்ஸி ஓட்டத் தெரியும்” என்றார் அப்பா. “அரசாங்கக் கந்தோர் நடைமுறை எனக்குத் தெரியும்.”

“கந்தோர் உங்கடைதான் அண்ணை. பாலம் அவங்கடை.”

அப்பா சிரித்தார். அம்மா தேநீர் கொண்டுவந்தார். பேச்சு வேறு பக்கம் போயிற்று. ஆனால் சித்தி குசினி வாசலில் கரண்டியோடு நின்றிருந்ததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து அவர் நாட்காட்டியை அடிக்கடி பார்த்தார்.

அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஏதாவது ஒரு சிற்றூரைத் தேர்ந்து, அந்த ஊரோடு தொடர்புள்ள குறிப்பிடத்தக்க ஒருவரைப் பற்றி எழுதி, படத்தோடு வகுப்பில் காட்ட வேண்டும். மற்றப் பிள்ளைகள் பனி ஹொக்கி வீரர்களைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கர்வம். எங்கள் சித்தப்பாவின் நீதிபதியைப் பற்றி எழுதுகிறேன், ஒரு படம் அனுப்புங்கள் என்று அவருக்கு எழுதினேன்.

படம் வரவில்லை. நவம்பரில் சுருட்டிய வெள்ளைத் தாள் ஒன்று அட்டைக் குழாயில் வந்தது. ஏதோ செதுக்கலின் மேல் தாளை வைத்துக் கரித்துண்டால் தேய்த்து எடுத்த உரு. நடுவில் நீதிபதியின் பெயர், பெரிய எழுத்துக்களில். சுற்றிலும் ஓக் இலைகள். இலை நரம்புகள் வரை பதிந்திருந்தன. தாளின் கீழ்ப்பகுதி நேராகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. ‘நீதிபதிக்குப் படம் எடுப்பது பிடிக்காது. இது அவருடைய வாசலில் உள்ளது’ என்று துண்டுக் கடிதம். விரல்பட்ட இடமெல்லாம் கை கறுத்தது. தங்கச்சி தன் கன்னத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.

ஆசிரியை அந்தத் தாளை மேசையில் விரித்து நெடுநேரம் பார்த்தார். மென்மையான பெண், என்னைக் கடைசி மணிக்குப் பின்னும் இருக்கச் சொல்லி, மற்றவர்கள் போன பிறகு கேட்டார்.

“இதை எடுத்தவர் கல்லறைத் தோட்டத்தில் வேலை செய்கிறாரா?”

நான் இல்லை என்றேன். என் சித்தப்பா, நீதிபதியின் நண்பர் என்றேன். ஆசிரியை நூலகத்திலிருந்து ஒரு தடித்த நூலை எடுத்துவந்து, அந்த மாநிலத்தின் பக்கங்களைப் புரட்டி, பெயரைக் காட்டினார். நீதிபதி இறந்து எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. சில பக்கங்கள் தள்ளிச் செர்ரிக் கருவிக்காரரும் இருந்தார். அவரும் அப்படித்தான்.

“அழகாக எடுத்திருக்கிறார். இதற்கு மிகுந்த பொறுமை வேண்டும்” என்றார் ஆசிரியை. நான் அழக்கூடும் என்று எண்ணினார் போலும். எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்ற அவசரந்தான் இருந்தது.

கதவைத் திறந்தபோது தொலைபேசி அப்பாவின் கையில் இருந்தது. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா. நீளச் சுருள் கம்பி வரவேற்பறையைக் குறுக்கே கடந்து கிடந்தது. அப்பா எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ரிசீவரைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்திருந்தார்.

“அண்ணை, இஞ்சை வீட்டிலை இருக்கிற ஏழு பேரும் வாற கிழமை பாலத்துக்குப் போகினம். சேர்ச் பாதர் தன்ரை வான் வண்டியிலை கொண்டுபோய் விடுறாராம். நானும் போகட்டே?”

“நீ ஆட்டுமந்தை மாதிரி அவங்களோடை வரவேண்டாம். உன்னட்டை நீதிபதி இருக்கிறார். அவரிட்டை ஒரு கடிதம் வாங்கு. இவர் நல்லொழுக்கமுள்ளவர், எனக்கு நேரிலை தெரியும் எண்டு நாலு வரி. அதோடை வந்தியெண்டா அவங்கள் கதிரை போட்டு இருத்துவாங்கள்.”



“அண்ணை... அவர் கடிதம் எழுதுறவர் இல்லை.”

“நீ கேட்டனியோ?”

“இல்லை.”

“கேக்காமல் எப்பிடித் தெரியும்? வெக்கப்படாதை. பெரிய மனிசர் கேட்டாத்தான் செய்வினம்.”

“அப்பா, அந்த நீதிபதி...” என்று தொடங்கினேன்.

“பெரியாக்கள் கதைக்கேக்கை குறுக்கை வாறேல்லை” என்றார் அம்மா.

அப்பா தொலைபேசியைச் சித்தியிடம் கொடுத்தார். சித்தி அதை இரண்டு கைகளாலும் பிடித்தார். “கேளுங்கோ என்ன” என்றார். “தண்ணி கேக்கவும் கூச்சப்படுற ஆள் நீங்கள். எனக்காக ஒருக்காக் கேளுங்கோ.” சொல்லிவிட்டுச் சிரித்தார். இந்த நாட்டுக்கு வந்தபின் முழுப் பல்வரிசையும் தெரியச் சித்தி சிரித்து நான் கண்டது அன்றுதான். தங்கச்சி காலைக் கட்டிக்கொண்டு, “அப்பா ஜட்ஜையும் கூட்டிக்கொண்டு வருவாரோ?” என்று கேட்டாள்.

சுருட்டிய தாள் என் புத்தகப் பையில் இருந்தது. எடுத்து விரித்து, ஆசிரியை சொன்னதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சித்தப்பா அப்போதும் தொலைபேசியில் இருந்தார். பாதரின் வான் வண்டியில் இடமும் இருந்தது. நான் சித்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு கை கழுவப் போனேன். கரி எளிதில் போகவில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயதுதான் என்பதை, பின்னாளில் இதைக் கேட்ட பலர் எனக்கு நினைவூட்டியிருக்கிறார்கள். நானும் எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கிழமை ஏழு பேரும் பாலத்தைக் கடந்தார்கள். இருவர் மல்வேர்னில் எங்களுக்குத் தெரிந்தவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களைப் பார்க்கச் சித்தி போகவில்லை.

டிசம்பர் நடுவில் ஒரு கனத்த உறை வந்தது. உள்ளே தட்டச்சுச் செய்த ஆங்கிலக் கடிதம், தேவாலயத்தின் முத்திரையோடு. அதனுடன் சித்தப்பாவின் மஞ்சள் தாள். அப்பா மஞ்சள் தாளை முதலில் மனதுக்குள் வாசித்தார். வாசித்தபின் அதைச் சித்தியிடம் நீட்டினார். பிற்பாடு நானும் அதைப் பலமுறை வாசித்தேன். ‘அண்ணை, நான் எழுதிய பெரியவர்கள் எல்லாரும் இங்கே கல்லுக்குக் கீழே படுத்திருக்கிறவர்கள். நான் அவர்களுடைய புல்லை வெட்டுகிறேன். ஊர்க்காரர் அச்சடித்து வைத்திருக்கும் சிறிய புத்தகத்தில் அவர்களைப் பற்றி வாசித்தேன். என்ன வேலை என்று எழுதக் கூச்சமாக இருந்தது. பிள்ளைகள் சந்தோஷப்படுகிறார்கள் என்று அறிந்தபின் நிறுத்த முடியவில்லை. பாதிரியார் இந்தக் கடிதத்தைத் தந்தார். இது போதுமா என்று சொல்லுங்கள், அடுத்த நாளே புறப்படுகிறேன்.’

அப்பா ஆங்கிலக் கடிதத்தை என்னிடம் கொடுத்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். அன்று ஏனோ என்னை வாசிக்கச் சொன்னார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இவர் ஓகஸ்ட் முதல் எங்கள் சவக்காலையைப் பராமரித்துவருகிறார். சாய்ந்த கற்களை நிமிர்த்தினார். உறவினர் வருகிற கல்லறைகளுக்கும் எவரும் வராத கல்லறைகளுக்கும் ஒரே கவனத்தைக் கொடுத்தார். என் ஊழியக் காலத்தில் இவரைவிட நேர்மையான ஒருவரை நான் இந்த வேலையில் கண்டதில்லை. இவரை உங்கள் நாடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்கிறேன்.

நான் எதையும் மாற்றவில்லை. நல்ல கடிதம் என்று நினைத்தேன்.

“சுடலை காக்கிறான் எண்டு முத்திரை குத்திக் குடுத்திருக்கினம்” என்றார் அப்பா.

“அத்தான்” என்றார் சித்தி. அப்பாவின் முன் அவர் குரல் உயர்த்திப் பேசியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. “உது போதும் அத்தான். வரச்சொல்லுங்கோ.”

“பிள்ளை, உனக்கு விளங்கேல்லை. இது அவங்கடை கோப்பிலை ஏறினா காலத்துக்கும் இருக்கும். நாளைக்கு உவளைக் கட்டிக்குடுக்கேக்கை, தேப்பன் என்ன வேலை செய்தவர் எண்டு கேட்டா என்ன சொல்லுறது?”

உவள் என்றது தங்கச்சியை. அவள் தரையில் கிடந்து வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஆறு வயது.

“ஒண்டும் சொல்லத் தேவையில்லை” என்றார் சித்தி. 

அப்பா அன்று மாலை பதில் எழுதினார். இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதே. அந்த ஊரில் ஒரு மருத்துவரோ பள்ளி அதிபரோ வங்கி மேலாளரோ இருப்பார், அவரிடம் வேலை விவரம் இல்லாமல் ஒரு கடிதம் வாங்கு. எழுதி முடித்ததும் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார்.

அப்பா நாள்தோறும் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து நகர நடுவிலுள்ள ஓர் அலுவலகக் கோபுரத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே என்ன செய்தார் என்பதை என் பதினைந்தாம் வயதில்தான், தற்செயலாக, கண்ணாடிக் கதவு ஒன்றின் வழியே கண்டேன். நீல மேலங்கி, வாளி, துடைப்பம். கழுத்துப்பட்டி அங்கே ஒரு அலமாரியில் தொங்கியிருக்கும். நான் கண்டதை அவர் காணவில்லை. தம்பியின் கடிதங்களை உலகத்தில் எவரைக்காட்டிலும் விளங்கிக்கொண்டிருக்கவேண்டியவர் அவர். ஒருவேளை விளங்கித்தான் இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் அவ்வளவு கோபமோ.

சித்தப்பா அண்ணன் சொல்லை மீறாதவர். அந்தச் சிற்றூரில் ஒருவரையும் தெரியாதவர், மூன்று வாரம் மருத்துவரையும் வங்கிக்காரரையும் தேடி நடந்திருக்கிறார். அதற்குள் சட்டம் மாறிவிட்டது. அங்கிள்தான் படியேறி வந்து சொன்னார். கம்பி குத்தும் மூலையில் உட்காரவுமில்லை, முன்பே சொன்னேனே என்று சொல்லவுமில்லை. சித்தப்பா கடைசியில் ஒரு கடிதமும் இல்லாமல் பாலத்துக்குப் போனார். அன்றே திருப்பிவிட்டார்கள். விசாரணைக்கு மே மாதத்தில் ஒரு திகதி எழுதிய தாளைக் கொடுத்து, அதுவரை அந்தப் பக்கத்திலேயே இருக்கச் சொன்னார்கள்.

“மே எண்டால் அண்ணை, பனி உருகியிருக்கும்” என்றார் சித்தப்பா தொலைபேசியில். “நல்லதுதான்.”

அதன் பிறகு இரண்டு கடிதங்கள் வந்தன. வீட்டில் எட்டுக் கட்டில், படுப்பது ஒருவர் என்று எழுதியிருந்தார். எங்களுக்கான பக்கத்தில் நீதிபதி இல்லை, குதிரைக்காரியும் இல்லை. இங்கே ஒரு கல் அறை இருக்கிறது, குளிர்காலத்தில் வருபவர்கள் மண் இளகும்வரை அதற்குள் காத்திருப்பார்கள், வாசலில் பனி சேராமல் பார்ப்பது என் பொறுப்பு என்று மட்டும் இருந்தது. கடைசிக் கடிதத்தில் பெற்றோல் மணம் இல்லை. தங்கச்சி முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை, அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியை நான்தான் எடுத்தேன். பாதிரியார். அப்பாவைக் கூப்பிடச் சொன்னார். அப்பா வாங்கி, “யெஸ், யெஸ், தாங்க் யூ, யெஸ்” என்றார். பிறகு என்னிடம் தந்தார்.

“என்னெண்டு கேள். வேகமாக் கதைக்கிறார்.”

நான் கேட்டேன். “என்னை மன்னித்துக்கொள், குழந்தை” என்றார். பிறகு சொன்னார். சித்தப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல், எவருக்கும் சொல்லவில்லை, இரண்டு நாளாகக் கல் அறை வாசலில் பனி அள்ளப்படாமல் இருந்ததைக் கண்டு தேடிப் போயிருக்கிறார்கள்.

நான்கு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“சித்தப்பா செத்திட்டாராம்” என்றேன்.

தோசைக்கல்லில் மணம் மாறியது. எவரும் அடுப்பை அணைக்கவில்லை.

எங்கள் வழக்கு முடியாத நிலையில் எல்லையைத் தாண்டினால் திரும்பி வரமுடியாது என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். அதனால் சித்தப்பாவின் உடலைப் பார்க்க எவரும் போகவில்லை. உங்கள் முறை என்ன, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று பாதிரியார் கேட்டதை நான் அப்பாவுக்குச் சொன்னேன். எரிப்பது எங்கள் முறை. கொள்ளி வைக்கவேண்டியவர் அப்பா. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “அவையின்ரை முறைப்படி செய்யட்டும்” என்றார். தோண்ட முடியாதபடி நிலம் உறைந்திருந்தது. ஏப்ரல் வரை சித்தப்பா அந்தக் கல் அறையில் காத்திருந்தார். அந்த இரண்டு மாதங்களில் வாசலில் பனியை யார் அள்ளினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அப்பா மரண அறிவித்தல் அடித்தார். ஒளிநகல் எடுத்த அரைத்தாள். தமிழ்க் கடைகளிலும் எங்கள் கட்டட மின்தூக்கிக்குள்ளும் ஒட்டப்பட்டது. ‘அமெரிக்காவில் நீதித்துறையில் கடமையாற்றியவருமாகிய’ என்று அதில் இருந்தது. அங்கிள் மின்தூக்கியில் நின்று அதை முழுவதும் வாசித்தார். நானும் அப்பாவும் அவரோடு நின்றோம். தமது தளம் வந்ததும் இறங்கிப் போனார். அப்பா ஒன்பதாம் மாடி வரை காலணியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடக்கம் முடிந்தபின் பாதிரியார் ஒரு புகைப்படம் அனுப்பினார். புது மண், சிறிய தட்டைக் கல், தொப்பி அணிந்த இரண்டு கிழவிகள். மூலையில் ஓக் இலைகள் செதுக்கிய பெரிய கல்லின் ஒரு பக்கம். ‘அவர் விரும்பியிருப்பார் என்று எண்ணி, நீதிபதிக்கு அருகில் ஓரிடம் கொடுத்தோம்.’

படமும் கடிதங்களும், நான் வகுப்பில் கடைசிவரை காட்டாத அந்தக் கரித்தாளும் பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றில் இருந்தன. பல வருடம் கழித்து மல்வேர்னுக்கு வீடு மாறியபோது, அப்பா அவற்றை நீல மறுசுழற்சிப் பெட்டியில் போட்டுவிட்டார். பழைய பேப்பர் என்று நினைத்தாராம். தகரத்தை மட்டும் எடுத்து வைத்து, அதில் ஆணிகள் போட்டார்.

சித்தி தையல் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தார். நீதிபதி என்ற சொல்லை அவர் வாயால் நான் பிறகு கேட்டதில்லை. தங்கச்சியின் கல்யாணப் பேச்சில், மாப்பிள்ளை வீட்டார் தகப்பன் என்ன வேலை செய்தவர் என்று கேட்டார்கள். சித்தி அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “சவக்காலையிலை புல்லு வெட்டினவர்” என்றார். அவர்கள் அதற்கென்ன என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, மண்டபத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அப்பா எழுந்து வெளியே போனார்.

சென்ற ஒக்டோபரில் தங்கச்சி ஒஷாவாவிலிருந்து கூப்பிட்டாள்.

“அக்கா, அப்பா இருந்த ரவுணைப் பற்றிக் கம்ப்யூட்டரிலை பாத்தன். நோட்டபிள் பீப்பிள் எண்டு ஒரு லிஸ்ட் போட்டிருக்கினம். உங்கடை ஜட்ஜ் இருக்கிறார். குதிரைக்காரி இருக்கிறா. மொஸ் லேடி, அந்தப் பாசிக்காரியும் இருக்கிறா. ஒரே ஆக்கள்.” பிறகு, “நான் கடைசி வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணிப் பாத்தனான்” என்றாள்.

“ஏன் பிள்ளை?”

“தெரியேல்லை. சும்மா.”

அடுத்த சனிக்கிழமை போனோம். பாலத்தில் அதிகாரி எங்கள் கடவுச்சீட்டுகளைப் பார்த்துவிட்டு, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஊரின் பெயரைச் சொன்னதும், அங்கே என்ன இருக்கிறது என்றார். கல்லறையைப் பார்க்க என்றாள் தங்கச்சி. கையசைத்து விட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 

சவக்காலை வாசலில் வரைபடப் பலகை. குறிப்பிடத்தக்கவர்களின் இடங்களுக்கு இலக்கம் இட்டிருந்தார்கள், ஒன்று முதல் பதினொன்று வரை. நீதிபதிக்கு இலக்கம் ஒன்று. அங்கிருந்து இருபது அடி தள்ளித் தேடினோம். தட்டைக் கல்லைப் புல் மூடியிருந்தது. புல்வெட்டும் வண்டி அதன்மேல் ஏறிப்போன தடங்கள் இருந்தன. தங்கச்சி முழந்தாளில் இருந்து கையால் புல்லைப் பிடுங்கினாள். பெயர் வந்தது. பிறகு குனிந்து விரல்களை முகர்ந்தாள்.

“உதுதான்” என்றாள். “உந்த மணம்தான்.”

நான் இன்னும் எதையும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அங்கே சொன்னேன்: புத்தகப் பையில் இருந்த தாள், தொலைபேசி, வான் வண்டியில் இருந்த இடம். அவள் கேட்டு முடித்து, மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. காரை நான் ஓட்டட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

அப்பா போய்ப் பதினொரு வருடம். அம்மா அதற்கு முன்பே. சித்தி அந்த ஒக்டோபருக்கு முந்திய மார்கழியில். கீழ்த்தள அங்கிள் பிறம்ரனில் மகன் வீட்டில் இருந்ததாகக் கேள்வி, இப்போது தெரியாது. சித்தப்பாவை அறிந்தவர்களில் தங்கச்சியும் நானும் இருக்கிறோம். அவளுக்கு அவருடைய முகம் நினைவில்லை.